அத்தையின் டிரங்குப் பெட்டியும் மூன்றரைக் கிலோ மிச்ச நூலும்

போன வருடம் ஆடிச் சாரலில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. ஓடு மாற்ற ஆள் வருவதற்குள் மேலே இருந்ததையெல்லாம் இறக்கியாக வேண்டும். அப்படி இறங்கியதுதான் அத்தையின், அதாவது என் மாமியாரின், டிரங்குப் பெட்டி. பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. என் கணவர் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பித் திறந்தார். உள்ளே முழுக்க உல்லன் நூல். தேங்காய் அளவில் நாலைந்து, ஆரஞ்சு அளவில் கொஞ்சம், மற்றதெல்லாம் எலுமிச்சை, நெல்லிக்காய் அளவு உருண்டைகள். அடியில் ஒரு பழைய தலையணை உறை நிறைய, மூன்று முழம் நாலு முழம் நீளத்தில் துண்டு நூல்கள். நீலகிரியில் அருவங்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பது வருடம் ஆர்டருக்கு ஸ்வெட்டர் பின்னியவர் அத்தை. ஒவ்வொரு ஸ்வெட்டரிலும் மிஞ்சியதை எறியாமல் சுருட்டிப் போட்டு வைத்திருக்கிறார்.

சமையலறைத் தராசில் பை பையாக வைத்து நிறுத்தேன். 3 கிலோ 480 கிராம். "இத்தனையா?" என்றார் அத்தை. அவருக்கு இப்போது 81 வயது. கண் மங்கிவிட்டதால் ஊசியைத் தொடுவதில்லை. "எனக்கு இனி எதுக்கும்மா. நீ ஏதாவது பண்ணு, இல்லேன்னா யாருக்காவது கொடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் பெட்டி பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொடுத்துவிடச் சொன்னவர் கையில் ஒரு உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை. சரி, நாமே செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

நான் விருதுநகர்ப் பக்கம். 1994இல் கல்யாணமாகி இங்கே வரும்வரை ஸ்வெட்டர் போட்டதில்லை. வந்த முதல் மார்கழியில் பல் தந்தியடிக்க நின்ற எனக்கு, அத்தை தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த நாளே கையில் ஊசியைக் கொடுத்தார். அந்த ஊசி பக்கத்து ஊரில் செய்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. போனி என்ற பெயரில் வரும் பின்னல் ஊசிகளும், முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசிகளும் கேத்தி அருகே எல்லநள்ளியில் உள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸில் தயாராகின்றன. 1949இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அத்தையிடம் உள்ள சாம்பல் நிற ஊசிகளில் எண் மட்டும்தான் பொறித்திருக்கும். 8 நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 10 நம்பர் என்றால் 3.25. எண் கூடக் கூட ஊசி மெலியும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதில்தான் முதலில் குழம்புகிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

பெட்டி இறங்கியதும் நான் செய்த முதல் வேலை தப்பான வேலை. எல்லா நூலையும் போட்டு ஒரு போர்வை பின்னிவிடலாம் என்று ஆரம்பித்தேன். மிச்ச நூல் என்றதும் எல்லோருக்கும் போர்வைதான் ஞாபகம் வரும். மூன்று மாதம் கழித்து அது ஒன்றரை அடி நீளத்தில் நின்றது. ஒரு ஓரம் சுருங்கி, ஒரு ஓரம் அலை அலையாகத் தொங்கியது. தடித்த நூலும் மெல்லிய நூலும் அடுத்தடுத்து வந்தால் அப்படித்தான் இழுக்கும். பிரித்துவிட்டேன். பெரிய பொருளுக்குத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கனம், ஒரே இழை வேண்டும். மிச்ச நூலில் இல்லாதது அது ஒன்றுதான். ஒரு உருண்டைக்குள் தொடங்கி அந்த உருண்டைக்குள்ளேயே முடிகிற பொருளாகப் பார்க்க வேண்டும். அல்லது கனமும் இழையும் ஒத்துப்போகிற இரண்டு மூன்று உருண்டைக்குள் அடங்க வேண்டும்.

அடுத்த அடியும் அதே காரணத்தால்தான் விழுந்தது. கருநீலமும் வெள்ளையுமாகப் பட்டை வைத்து என் மகனுக்கு ஒரு குல்லா பின்னினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஒருமுறை வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்ததும் கருநீலப் பட்டைகள் எல்லாம் இறுகிச் சுருங்கிவிட்டன. வெள்ளைப் பட்டைகள் இருந்தபடியே இருந்தன. குல்லா பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. கருநீலம் அசல் ஆட்டுக் கம்பளி, வெள்ளை அக்ரிலிக். கம்பளி சூட்டிலும் கசக்கலிலும் சிக்கிச் சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. இரண்டும் தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தன, எனக்கு.

அத்தைக்கு அப்படி இல்லை. அன்றைக்கு அவர் மடியில் உருண்டைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டு விரலில் நூலை உருட்டிப் பார்த்து, "இது ஆட்டு ரோமம், இது மிஷின் நூல்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். சிலவற்றை மூக்கருகே கொண்டுபோனார். எனக்கு அந்த விரல் இல்லை, அதனால் எரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சில்வர் தட்டுக்கு மேலே வைத்து, மெழுகுவத்தியில் காட்ட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். தீயை எடுத்ததும் தானே அணையும், கரி விரலில் பொடிந்துவிடும். அக்ரிலிக் கரும்புகையோடு உருகி எரிந்து, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் என்றால் நாற்றமும் வரும், மணியும் நிற்கும். அத்தை பிரித்த 46 உருண்டைகளில் 44 சரியாக இருந்தன. மற்ற இரண்டும் கலப்பு நூல்.

ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீலகிரி ஆடு என்றே ஓர் இனம் இருக்கிறது, அதனால் இந்த ஊரில் பின்னுவதெல்லாம் ஆட்டுக் கம்பளி என்று கீழேயிருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கடையில் நாங்கள் வாங்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். பெட்டியிலும் கம்பளி 700 கிராம்கூட இல்லை. அதனால் பிரித்து வைத்த அன்றே கம்பளியைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

இழைக்கு அப்புறம் கனம் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்து, அதில் ஒரு அங்குல தூரத்துக்கு நூலை நெருக்கமாக, இழுக்காமல் சுற்றி எண்ணினேன். 14 சுற்றுக்கு மேல் போனால் மெல்லிசு, 11 முதல் 14 வரை நடுத்தரம், 10ம் அதற்குக் கீழேயும் தடிமன். மெல்லிய நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய நடுத்தரக் கனம் வரும். இது தெரிந்தபின் பெட்டியில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தனித்தனியாக எதற்கும் பற்றாத இரண்டு மெல்லிய உருண்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் கலவை நிறத்தில் ஒரு புது நூல் கிடைக்கிறது. மங்கலான பழுப்பும் கிளிப்பச்சையும் சேர்ந்து தேயிலைத் தோட்டத்து நிறமாக வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசியாக எடை. எனக்கு மிகவும் உதவியது இதுதான். எவ்வளவு நூல் மிச்சம் என்பதைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது, தளர்வாகச் சுற்றிய உருண்டை ஏமாற்றிவிடும். ஒரு கிராம் காட்டும் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் போதும். ஒவ்வொரு உருண்டையிலும் எடையை எழுதிச் சீட்டு குத்தினேன். பின்னி முடித்த பொருளையும் நிறுத்து நோட்டில் குறித்தேன். நடுத்தர நூலில், 4 மில்லிமீட்டர் ஊசியில், என் கைக்கு வந்த கணக்கு இது: நாலு சுற்றுள்ள கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் போடும் குரோஷா சதுரம்) ஒன்று 5 கிராம். இரட்டை நூலில் டம்ளர் வைக்கும் வட்டம் 8 கிராம். பச்சைக் குழந்தைக்குக் காலுறை ஒரு ஜோடி 16, குல்லா 20. மணிக்கட்டு உறை ஒரு ஜோடி 30. மடிப்பு வைத்த பெரியவர் குல்லா 60. வெந்நீர்ப் பைக்கு உறை 70. இறுக்கமாகப் பின்னுகிறவர்களுக்கு இரண்டு மூன்று கிராம் மாறலாம். குல்லா உச்சியில் வைக்கும் நூல் பந்து, எலுமிச்சை அளவுதான் இருக்கும், அது மட்டும் 10 கிராம் விழுங்கிவிடும். பந்து வைக்க ஆசைப்பட்டால் அதைக் கணக்கில் சேர்த்த பிறகே குல்லாவைத் தொடங்க வேண்டும்.

எடை பார்த்தும் சில நேரம் கடைசி வரிசையில் நூல் முடிந்துவிடுமோ என்ற பயம் வரும். அதற்கு அத்தை சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. மிஞ்சிய நூலைச் சரிபாதியாக மடித்து, நடுவில் இழுத்தால் அவிழ்கிற சுருக்கு ஒன்று போட வேண்டும். ஒரு வரிசை பின்ன வேண்டும். சுருக்கு வருவதற்குள் வரிசை முடிந்தால் இன்னொரு வரிசைக்கு நூல் இருக்கிறது. வரிசை முடிவதற்குள் சுருக்கு வந்துவிட்டால் பேசாமல் நிறுத்திக் கண்ணிகளை அடைத்துவிட வேண்டும். அடைப்பதற்கும் பின்னலின் அகலத்தைப் போல நாலு மடங்கு நூலைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

சரி, என்ன பின்னுவது? ஆரம்பத்தில் நானாக யோசித்து, பூ, சாவிக் கொத்து, பொம்மை என்று கொஞ்சம் செய்தேன். செய்தவை அலமாரியில்தான் கிடந்தன. கேட்டுச் செய்ததுதான் வீட்டை விட்டு வெளியே போனது.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்கா கேத்தி பாலாடா பக்கம் கேரட் அறுவடைக்குப் போகிறவர். கேரட் பிடுங்கிக் கழுவி மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதால் அவர்கள் நள்ளிரவு தாண்டியதுமே வண்டி ஏறிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி கொட்டும், மார்கழி வந்தால் உறைபனி. ஒரு குல்லா பின்னித் தரவா என்று கேட்டேன். "குல்லா வேண்டாம்மா. மூட்டையத் தலையில வைச்சா குல்லா வழுக்குது. சும்மாடு நிக்க மாட்டேங்குது. காது மட்டும் மூடுற மாதிரி இருந்தா கொடு" என்றார்.

முப்பது வருடமாகப் பின்னுகிறவள், இது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிரவே காதுப் பட்டை ஒன்று போட்டேன். முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் துண்டு நூலைத் தீர்க்க இதைவிட நல்ல பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

4 மில்லிமீட்டர் குரோஷா ஊசியில் 17 செயின், அதாவது சங்கிலிக் கண்ணி. இரண்டாவது செயினிலிருந்து சிங்கிள் குரோஷா, மொத்தம் 16 கண்ணி. அகலம் 10 சென்டிமீட்டர் சுமாருக்கு வரும். திருப்பி ஒரு செயின் போட்டு, அடுத்த வரிசையிலிருந்து கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழையில் பின்பக்கத்து இழையில் மட்டும் ஊசியை விட்டுப் பின்ன வேண்டும். இப்படிப் போனால் பின்னல் விசிறி மடிப்பு மாதிரி வரிவரியாக நிற்கும், ரப்பர் போல இழுபடும். பட்டையின் நீளம் தலைச் சுற்றளவைவிட 8 சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். 54 சென்டிமீட்டர் தலைக்கு 46. எனக்கு 80 வரிசை சுமாரில் அது வந்தது. பிறகு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட வேண்டியதுதான். எடை 20 கிராமிலிருந்து 22க்குள்.

இதில் ஒரு வரிசைக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நூல் போகிறது. அப்படியென்றால் ஒன்றரை மீட்டர் துண்டு ஒன்று கிடைத்தால், நுனியும் சேர்த்து, இரண்டு வரிசை ஆயிற்று. தலையணை உறைக்குள் இருந்ததெல்லாம் அந்த மாதிரித் துண்டுதானே! நிறம் மாற்றுவதை எப்போதும் வரிசையின் ஓரத்தில், அதுவும் ஒரே பக்க ஓரத்தில் செய்ய வேண்டும். பழைய நூலின் கடைசிக் கண்ணியை முடிக்கும்போது, ஊசியில் இரண்டு வளையம் இருக்கிற நிலையில், புது நூலை இழுத்து அந்தக் கண்ணியை முடித்தால் நிறம் சுத்தமாக மாறும். இரண்டு நுனியையும் அடுத்த வரிசையின் மேலே படுக்கவைத்து, அதைச் சேர்த்தே பின்னிக்கொண்டு போனால் கடைசியில் ஐம்பது நுனியை ஊசியில் கோத்துச் செருகும் வேலை மிச்சம். முக்கால் சாண் நுனியாவது விட வேண்டும். குட்டையாக விட்டால் இரண்டாவது துவையலில் வெளியே தலைகாட்டும்.

அக்கா அதை ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு திருத்தம் சொன்னார். நெற்றிப் பக்கம் அகலம் அதிகம், கண்ணுக்கு இறங்குகிறது. வெளிர் நிறம் வேண்டாம், மண் ஏறிவிடுகிறது. நெற்றி வரும் நடுப்பகுதியில் 12 கண்ணியாகக் குறைத்து, காதுப் பக்கம் திரும்ப 16 ஆக்கினேன். கருநீலம், மெரூன், காப்பிப் பொடி, சாம்பல் மட்டும் எடுத்தேன். அப்புறம் அவரோடு வண்டியில் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டு, இதுவரை 31 பட்டை போய்விட்டது. விற்கவில்லை. பதிலுக்கு வீட்டில் கேரட் தீர்ந்ததே இல்லை.

குழந்தைகளுக்குப் பின்னுவது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் நாத்தனார் மகளுக்கு ஊட்டியில் பெண் குழந்தை பிறந்தது. இளஞ்சிவப்புக் காலுறையில் வெள்ளை நட்சத்திரம் வைத்துப் பின்னிக் கொடுத்தேன். இரண்டு நிறத்தில் படம் வைத்துப் பின்னும்போது, வேலை செய்யாத நூல் உள்பக்கமாக நாலைந்து கண்ணி தூரம் தளர்வாக ஓடும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு ராத்திரி குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லையாம். பால் கொடுத்துப் பார்த்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, கடைசியில் காலுறையைக் கழற்றினால், உள்ளே ஓடிய நூல் இரண்டாவது விரலில் மாட்டி முறுக்கியிருக்கிறது. விரல் சிவந்து வீங்கியிருந்தது. கத்தரியால் நூலை வெட்டி எடுத்தார்கள். விடிவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. நான் அடுத்த நாள் பஸ் பிடித்துப் போய் அந்த விரலைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கைக்குழந்தைக்குப் படம் வைத்துப் பின்னுவதில்லை. வெறும் பட்டைக் கோடுதான், அதுவும் நுனியெல்லாம் இறுகச் செருகியது. முடித்ததும் உள்புறத்தை வெளியே திருப்பி, என் சுண்டுவிரலை உள்ளே ஓட்டிப் பார்ப்பேன். எங்காவது ஒரு இழை விரலில் மாட்டினாலும் திரும்ப உட்காருவேன். பட்டன், மணி, நூல் பந்து எதுவும் கைக்குழந்தைக்குக் கிடையாது. குல்லாவுக்குத் தாடைக்குக் கீழே கட்டும் கயிறும் கிடையாது.

சமையலறைக்கும் ஒரு எச்சரிக்கை. ஆரஞ்சு நிற அக்ரிலிக்கில் கனமாக ஒரு பிடிதுணி பின்னி, அதால் தோசைக்கல்லைத் தூக்கினேன். நூல் உருகிக் கல்லில் ஒட்டியது, கூடவே என் ஆள்காட்டி விரலிலும். தழும்பு இன்னும் இருக்கிறது. சூடான பாத்திரம் தூக்க, கீழே வைக்க என்றால் பருத்தி நூல்தான், அதையும் இரட்டை மடிப்பாக. கம்பளியும் ஆகும், அது உருகாது. காப்பி டம்ளர் வைக்கும் வட்டத்துக்கு அக்ரிலிக் போதும், அங்கே அவ்வளவு சூடு இல்லை.

நிறம் சேர்ப்பது பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. மிச்ச நூல்தானே என்று கையில் வந்ததையெல்லாம் அடுத்தடுத்து வைத்தால் பார்க்க மிச்ச நூலாகவே இருக்கும். ஒரு நிறத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும். நான் இதற்கென்றே 100 கிராம் கரும்சாம்பல் உருண்டை மூன்று புதிதாக வாங்கினேன். மிச்சத்தைத் தீர்க்கப் புதிதாக வாங்குவதா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், வாங்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்தின் கடைசிச் சுற்றும் ஒவ்வொரு பட்டையின் ஓரமும் அந்தச் சாம்பலாக இருந்தால், உள்ளே இருக்கிற எட்டு நிறமும் ஒரு குடும்பமாகிவிடும். எது அடர்த்தி எது வெளிர் என்று சந்தேகம் வந்தால் உருண்டைகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்ப்பேன். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரியும், படத்தில் ஒரே சாம்பலாக இருக்கும். அவை இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது கோடு தெரியாது.

பழைய சிவப்பை வெள்ளையோடு சேர்க்கும் முன், ஒரு முழம் நூலை நனைத்துப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் இளஞ்சிவப்பு ஏறினால் அந்தச் சிவப்பு கறுப்போடு மட்டும் சேரட்டும்.

சிவப்பும் கறுப்பும் என்றதும் ஒருவர், வெள்ளை வட்டத்தில் தோடர் பூவேலை மாதிரி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். மாட்டேன் என்றேன். அது அவர்களுடைய வேலை. தோடப் பெண்கள் துணியில் எதுவும் வரைந்துகொள்ளாமல், நெசவின் இழையை எண்ணி எண்ணியே அதைப் போடுகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வேண்டுமென்றால் அவர்களிடமே காசு கொடுத்து வாங்கலாம். என் மிச்ச நூலில் அதற்குப் போலி செய்ய மனம் வரவில்லை.

நூலை மீட்பதிலும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பெட்டியில் பாதி பின்னிய இரண்டு ஸ்வெட்டர் கைகள் இருந்தன. பிரித்தால் நூல் நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளாக வரும். அதை அப்படியே பின்னினால் கண்ணி கோணலாக விழும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு 20 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுற்றிப் பிழிந்து, அடியில் ஒரு சின்னச் சொம்பைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கம்பளியின் சுருள் நன்றாகவே நேராகிவிடும். அக்ரிலிக் அவ்வளவு ஒத்துழைக்காது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். அக்ரிலிக் சூடு பட்டால் துவண்டு உயிரில்லாமல் போய்விடும், திரும்ப வராது. சமவெளியில் ஒரே வெயிலில் காய்வது இங்கே மூடுபனி நாளில் மூன்று நாள் எடுக்கும். முழுக்கக் காயாமல் சுருட்டினால் உருண்டைக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். உருண்டையையும் இறுக்கிச் சுற்றக் கூடாது. இழுத்துச் சுற்றிய நூல் பின்னிய பிறகு மெல்லச் சுருங்கும். மூன்று விரலை உள்ளே வைத்துச் சுற்றி, விரலை உருவிவிட்டால் உருண்டை தளர்வாக நிற்கும்.

பூச்சி அரிப்பது கம்பளியைத்தான், அக்ரிலிக்கை அது சீண்டுவதில்லை. அதனால் கம்பளியை மூடி இறுகும் டின்னில் வைத்து, வெயில் கண்ட நாளெல்லாம் வெளியே எடுத்து உதறுகிறேன். பஞ்சில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு டின்னில் போடுவது அத்தையின் பழக்கம். வாசனை நன்றாக இருக்கிறது. பூச்சியைத் தடுப்பது உதறலும் வெயிலும்தான் என்பது என் எண்ணம். தைலம் நூலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகாது.

ஒரு சாணுக்கும் குட்டையான துண்டுகள் எதற்கும் ஆகாது என்றுதான் முதலில் தோட்டத்தில் போட்டேன், குருவி கூடு கட்டட்டும் என்று. அது பெரிய தவறு. நூல் பறவையின் காலிலும் குஞ்சின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும், ஈரத்தில் அறுந்தும் போகாது. எங்கள் கொய்யா மரத்துச் சின்னான் குருவி ஒன்று கால் மாட்டிக்கொண்டு படபடத்ததைப் பார்த்து, ஏணி வைத்து ஏறி வெட்டிவிட்டோம். அக்ரிலிக் என்பதும் பிளாஸ்டிக்தானே. பைக்கும் பாட்டிலுக்கும் இவ்வளவு கட்டுப்பாடு வைத்திருக்கிற மாவட்டத்தில் அதை மண்ணில் வீசவும் கூடாது, குளிர்காய எரிக்கவும் கூடாது. இப்போது ஒரு ஊறுகாய் பாட்டிலில் துண்டுகளைச் சேர்க்கிறேன். நிறைந்ததும் இரண்டு கிரானி ஸ்கொயரை முதுகோடு முதுகு சேர்த்துத் தைத்து, உள்ளே அதைத் திணித்தால் ஊசி குத்தி வைக்கும் திண்டு. துணியில் ஒரு உள்ளுறை போட்டுத் திணித்தால் சதுரத்தின் ஓட்டை வழியாகத் துண்டுகள் எட்டிப் பார்க்காது.

இந்த ஒரு வருடத்தில் 2 கிலோ 700 கிராம் தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடை போட்டோம். அத்தை வழக்கம்போல உருண்டைகளை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். கருநீலக் கம்பளி ஒன்று கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். சின்ன உருண்டை. "இது உன் மாமனார் ஸ்வெட்டர். ஃபேக்டரிக்கு ராத்திரி ஷிப்டு போகும்போது போட்டுக்குவார்" என்றார். கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. குல்லாவில் சுருங்கிப்போன கருநீலம் இதே உருண்டையிலிருந்து நான் எடுத்ததுதான். அதை அன்று அவரிடம் சொன்னேன். "பரவாயில்லம்மா, பேரன் தலையிலதானே போச்சு" என்றார்.

மீதி 38 கிராம். மணிக்கட்டு உறை ஒரு ஜோடிக்கு 30. 10 நம்பர் ஊசி நாலு எடுத்து, அத்தையின் கையைப் பிடித்து மணிக்கட்டைச் சுற்றி அளந்தேன். 15 சென்டிமீட்டர்தான் இருக்கிறது, அதனால் நூல் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். 40 கண்ணி ஏற்றி, இரண்டு நிட் (நேர்க் கண்ணி) இரண்டு பர்ல் (தலைகீழ்க் கண்ணி) போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்காமலே அத்தை உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு வேண்டிய அளவு நூலை அவிழ்த்து அவிழ்த்து விடுகிறார்.